சிவப்பு நூல் கட்டிய காய்கள்

மார்ச் 3

இன்று பன்னிரண்டு மொட்டு. பல் செட் செய்து பழகிய கைக்கு இது பெரிய வேலையில்லை என்று நினைத்திருந்தேன். இடுப்பு போய்விட்டது.

நாளைக்கு மலரப்போகும் மொட்டாகப் பார்த்து, இதழை நெம்பி, உள்ளே இருக்கும் பத்து மகரந்தக் காம்பையும் இடுக்கியால் பிடுங்கிவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் போச்சு, பீன்ஸ் தன்னோடு தானே சேர்ந்து காய்த்துவிடும். அப்புறம் இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தடவி, காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். எல்லாம் என் மனைவியின் ஏற்பாடு. மூன்று வருடமாக அவளே செய்து பார்த்தாள், ஒரு காய்கூட நிற்கவில்லை. இப்போது கை நடுங்குகிறது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். கட்டிலைத் தோட்டத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கிருந்தே அதிகாரம்.

"மெதுவாங்க. அது பல்லு இல்ல, பூ."

"நீ பேசாம மூச்சு விடற வேலையைப் பாரு."

மார்ச் 4

எதற்கு இந்தப் பாடு என்று பின்னால் எனக்கே மறந்துவிடும், எழுதி வைக்கிறேன். எங்களிடம் இரண்டு பீன்ஸ். வெள்ளை விதை குட்டைச் செடி, கொம்பே வேண்டாம், வெண்ணெயாக வேகும். ஆனால் ஒரு மழை பெய்தால் இலையெல்லாம் துரு நோய் வந்து செத்துப்போகும். கறுப்பு விதை கொடி. எதற்கும் சாகாது, எத்தனை நேரம் வேகவைத்தாலும் கல்லு. வெள்ளையின் பூவில் கறுப்பின் மகரந்தம். மூன்றாவதாக ஒன்று வர வேண்டும்.

"எனக்குன்னு ஒரு பீன்ஸ். சேர்ந்துச்சான்னு தெரிஞ்சா போதும், அப்புறம் எப்ப வேணா கிளம்பறேன்" என்கிறாள். ஏதோ பஸ்ஸுக்குக் கிளம்புவது மாதிரி. எரிச்சலாக வருகிறது.

மார்ச் 10

ஒன்பது பூ உதிர்ந்துவிட்டது. மூன்று நிற்கிறது.

மார்ச் 22

எலி ஒன்றைத் தின்றுவிட்டது. இரண்டு. எலியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக அவள் ஏற்கெனவே எண்ணியிருந்தாள்.

ஏப்ரல் 17

காய் இரண்டும் காய்ந்துவிட்டன. கட்டிலில் துண்டை விரித்து அவள் கண்ணெதிரே உரித்தேன். ஒன்பது விதை. ஒன்பதும் வெள்ளை. ஒரு புள்ளி, ஒரு கோடு கிடையாது. சாம்பல் நிறமாவது வரும் என்று இரண்டு பேருமே எதிர்பார்த்திருந்தோம். எங்கேயோ ஒரு மகரந்தக் காம்பை விட்டிருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் இடுக்கி பிடித்த கை!

"என்னங்க?"

"வெள்ளைதான். சேரலை."

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் சொல்லாத பொய்யை இப்போதா சொல்வது என்று ஒரு வீம்பு. அவள் "சரி, விடுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம், "ஒரு விதை குடுங்க. அந்த நூலும்" என்றாள். தோற்றுப்போனதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள்? கொடுத்தேன். மிச்சம் எட்டையும் சமையலறையில் வெள்ளை பீன்ஸ் டப்பாவில் போட்டேன்.

ஏப்ரல் 20

ஜன்னலை மூடச் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 28

காலை ஆறு பத்துக்கு அவள் மூச்சு நின்றது. நான் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மே 5

மகள் நாளைக்கு ஊருக்குத் திரும்புகிறாள். பீன்ஸ் டப்பாவில் இருந்ததையெல்லாம் கொட்டி வேகவைத்திருந்தாள். "ரெண்டு வாயாவது சாப்பிடுங்கப்பா." சாப்பிட்டேன். நன்றாக வெந்திருந்தது.

மே 19

அவள் சேர்த்து வைத்த விதைப் பொட்டலங்களை யாருக்காவது உபயோகப்படட்டும் என்று விதைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரம்மா அவளைப் பற்றி விசாரித்தார். பேச்சுவாக்கில் ஒன்பது விதையும் வெள்ளையாகப் போன கதையைச் சொன்னேன்.

"அது அப்படித்தான் சார் வரும். விதையோட தோல் தாய்ச்செடியோடது. முதல் தடவை தாய் நிறம்தான். நட்டுப் பார்த்தாத்தான் தெரியும். குட்டையா நின்னா சேரலை. கொடி ஓடினா சேர்ந்திருக்கு."

கடையிலிருந்து எந்த வழியாக வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

என்ன பண்ணிட்டேன். எதுவும் தெரியாமலேயே பெரிய இவன் மாதிரி சொல்லிட்டேனே. எட்டையும் வேகவச்சுத் தின்னாச்சு. நானும்தானே தின்னேன் —

மே 20

அவளிடம் கொடுத்த அந்த ஒரு விதைக்காகத் தலையணை, அலமாரி, மாத்திரை டப்பா, எல்லாவற்றையும் தலைகீழாக்கித் தேடினேன். மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, கண்ணாடிக்கு அடியில். விதையைச் சுற்றி அந்தச் சிவப்பு நூல். நான் சொன்னதை நம்பித்தான் சுவர்ப்பக்கம் திரும்பினாள். பிறகு எதற்கு வைத்திருந்தாள்? நான் செய்தது என்பதற்காகவா?

மே 21

ஜன்னலுக்குக் கீழே நட்டேன். நட்டது வளர வேண்டும் என்றுதான் எவனும் வேண்டுவான். இது குட்டையாகவே நிற்க வேண்டும் என்று வேண்டுகிறேன். குட்டையாக நின்றால் நான் சொன்னது உண்மை. அவள் உண்மையைத் தெரிந்துகொண்டு போனாள் என்று ஆகும். அது போதும் எனக்கு.

மே 29

முளைத்துவிட்டது.

ஜூன் 12

ஒரு சாண். அடர்த்தியாக, குட்டையாக, அச்சு அசல் தாய்ச்செடி. பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூன் 21

நுனி மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. வெயில் போதவில்லை, அதனால் இருக்கும். குட்டைச் செடியும் நிழலில் நீளும்.

ஜூன் 24

மகள் போன் செய்தாள். "அம்மாவோட செடி எப்படிப்பா இருக்கு?"

"இருக்கு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி."

ஜூன் 28

காலையில் பார்த்தபோது நுனி ஜன்னல் கம்பியை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. மெல்லப் பிரித்துக் கீழே விட்டேன். ஏதோ காற்றில் போய் மாட்டிக்கொண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 29

மறுபடியும் அதே கம்பி. இந்த முறை மூன்று சுற்று. கம்பிக்கு இந்தப் பக்கம் அவளுடைய காலிக் கட்டில்.

சேர்ந்திருந்தது. அவள் கண்ணெதிரே நான் உரித்த அன்றைக்கே சேர்ந்துதான் இருந்தது. பதினொரு நாள் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நுனியைப் பிரிக்கவில்லை. மதியம் கடைக்குப் போய் ஏழடியில் ஒரு மூங்கில் வாங்கி வந்து, பக்கத்தில் நட்டேன்.