மூன்றாம் நாள் நடுக்கம்

2024 மே 4, சனி

களக்காடு சந்தையில் இன்று வாழைத்தார் வரத்து அதிகம். தராசுப் பக்கம் நிற்கையில் வியாபாரிகள் என் கையிலிருந்த காப்பைப் பார்த்துவிட்டுத் தொடாமல் விலகிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை எங்கள் மாடன் கோயில் கொடைத் திருவிழா. சாமியாடி நான். காப்புக் கட்டியதிலிருந்து எட்டு நாள் விரதம்.

எட்டு நாள் என்று ஊர் நினைக்கிறது. கடைசி மூன்று நாள்தான் நான் இருக்கிறேன். பதினோரு வருஷமாக இப்படித்தான். இன்று மத்தியானமும் தோட்டத்துக்குள் போய்க் குடித்துவிட்டு, கொய்யா இலையை மென்றுகொண்டு வந்தேன். மாடன் பொறுத்துக்கொள்கிறார். இல்லையென்றால் வருஷம் தவறாமல் ஏன் வருகிறார்?

மே 6, திங்கள்

நேற்றுக் காலையிலிருந்து ஒரு சொட்டு இல்லை. காப்பித் தம்ளர் கையில் நிற்கவில்லை. என் மனைவி பொன்செல்வி பார்த்துவிட்டு, "வந்துட்டாரு, பக்கத்துல வந்துட்டாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் புல்லரித்தது.

மே 14, செவ்வாய்

திருநெல்வேலி. ஆஸ்பத்திரி. பேனா பிடிக்க இன்றுதான் முடிகிறது.

மதியக் கொடையில் ஆடினேனாம். கோயில் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பேச்சித்தாய் மதினியின் மகன் துபாய் போய் நாலு வருஷமாகத் தகவல் இல்லை. அவன் ஐப்பசிக்குள் வீடு வந்து சேருவான் என்று வாக்குச் சொன்னேனாம். பிறகு விழுந்து கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. சாமி உக்கிரமாக இருக்கிறார் என்று மேளத்தை இன்னும் வேகமாக அடித்திருக்கிறார்கள். வாயில் ரத்தம் வந்த பிறகுதான் மச்சினன் மணிராஜ் காரை எடுத்திருக்கிறான்.

அவர்களைச் சொல்லி என்ன? வேறு ஒருவன் விழுந்திருந்தால் நானும் அடிக்கத்தான் சொல்லியிருப்பேன்.

மே 16, வியாழன்

அர்ஷியா டாக்டர் என்னையும் பொன்செல்வியையும் உட்காரவைத்துப் பேசினார்.

"எத்தன வருஷமா தெனமும் குடிக்கீங்க?"

"பதிமூணு."

"சாமி வர ஆரம்பிச்சு?"

"பதினொண்ணு."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார். "சாமியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நடுக்கத்தப் பத்தி மட்டும் சொல்லுதேன்."

தினமும் குடிக்கிறவனின் மூளை, சாராயம் மந்தப்படுத்துவதை எதிர்த்து எதிர்த்தே பழகிவிடுகிறதாம். சாராயம் சட்டென்று நின்றால் அந்த எதிர்ப்பு மட்டும் நிற்காமல் ஓடுமாம். முதலில் நடுக்கம், வியர்வை, வலிப்பு. இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆள் போய்விடுவதும் உண்டு. இது கெட்ட புத்தி இல்லை, நோய் என்றார். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் டாக்டர் மேற்பார்வையில், மருந்தோடு. "இனிமே வீட்ல வச்சு சட்டுனு நிப்பாட்டாதீங்க. மறுபடி குடிச்சு மறுபடி நிப்பாட்டினா முந்தினதவிட மோசமா வரும்." மாத்திரை எத்தனை நாளைக்கு என்று பொன்செல்வி கேட்டாள்.

அப்படின்னா பதினோரு வருஷமா ஆடுனது யாரு? எங்கப்பா வெத்தலகூட போடமாட்டாரு. அவருக்கு வந்துச்சே — நான் பாத்தேனே, அது பொய்யில்ல. அவருக்கு வந்தது எனக்கு ஒருவாட்டிகூட வரலியா?

ஜூன் 30

எட்டு வாரம். தூக்கம் இல்லை. யார் பேசினாலும் எரிச்சல்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மகள் பிரியதர்ஷினி பதினொன்றாம் வகுப்பு. "எப்பா, நாளைக்கி ஸ்கூல்ல பெத்தவங்கள வரச் சொல்லிருக்காங்க. நீங்க வாங்க, அம்மா வேண்டாம்" என்றாள். இதுவரை என்னைக் கூப்பிட்டதே இல்லை. சட்டையை இரண்டு தடவை தேய்த்தேன்.

நவம்பர் 20

ஐப்பசி முடிந்து நாலு நாள். பேச்சித்தாய் மதினி வந்து வாசலில் நின்றாள். "சாமி வாக்கு தப்பாது. நாந்தான் ஏதோ கொற வச்சிட்டேன் போல" என்றாள். அது சாமி இல்ல மதினி, சாராயம் இல்லாத மூளை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு சும்மா நின்ற என்னை என்னவென்று சொல்வது?

2025 ஏப்ரல் 29, செவ்வாய்

மறுபடியும் காப்புக் கட்டியாயிற்று. முதல் தடவையாக எட்டு நாளும் உண்மையான விரதம். குடித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தத் தடவை வந்தால் அது சாமிதான். வரவேண்டும். வரட்டும்.

மே 7, புதன்

வரவில்லை.

நேற்று மதியம் மேளம், வில்லுப்பாட்டு, குலவை எல்லாம் இருந்தது. கோயில் தர்மகர்த்தா கொம்பையா அண்ணாச்சி மூன்று தடவை திருநீறு போட்டார். முக்கால் மணி நேரம் தூண் மாதிரி நின்றேன். கை கொஞ்சமும் ஆடவில்லை. டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கூட்டத்தில் ஒருத்தி, "வீட்ல தீட்டுப் பட்டிருக்கும், பொண்டாட்டியக் கேளுங்க" என்றாள். எல்லோரும் பொன்செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை.

"ஆடி கடேசிச் செவ்வாய்க்கி மறுபடி கொடை வைப்போம் வே" என்றார் கொம்பையா அண்ணாச்சி. "அன்னைக்கும் வரலன்னா சாமிக்கு ஒம்ம வீட்டு மேல கோவம்னுதான் அர்த்தம். பொறவு ஒம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு எவன் வருவான்?"

மே 19

குழாயடியில் பொன்செல்வியைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். வெறுங்குடத்தோடு வந்தாள். "ஒருவாட்டி ஆடிருங்க. பொய்யாவாது ஆடிருங்க" என்றாள்.

தோட்டத்துக்குள் யாரும் இல்லாத இடத்தில் ஆடிப் பார்த்தேன். முடியவில்லை. பதினோரு வருஷம் ஆடியவனுக்கு ஆடத் தெரியவில்லை. வாழை மரங்களுக்கு முன்னால் கூச்சமாக இருந்தது.

ஜூன் 2, திங்கள்

குடித்தேன். சாமிக்காக என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது மடக்கில் அந்தப் பொய்யும் தேவைப்படவில்லை.

ஜூலை 13

பிரியா என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. இப்போது காலையிலேயே வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

இன்று மத்தியானத்தோடு நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை கொடை, அன்றைக்கு மூன்றாம் நாள். டாக்டர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பயமா இருக்கு. யார்ட்ட சொல்ல?

ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. வேட்டி கட்ட முடியவில்லை, பொன்செல்விதான் கட்டிவிட்டாள். பேனாவுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர்கிறது. இல்லை, ஒன்றும் இல்லை.

கோயிலுக்கு அழைத்துப்போக கொம்பையா அண்ணாச்சி மேளத்தோடு வந்துவிட்டார். வாசலில் நின்ற எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். துண்டை எடுத்துவரும் சாக்கில் உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பொன்செல்வி முந்திக்கொண்டாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு வந்துட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் குலவையும் போட்டாள். டாக்டர் அன்று சொன்னதையெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கேட்டவள்தான்.