தண்ணீர் குடிக்காத வண்டி

அத்தை,

கையில் பெட்ரோல் வாடை போகவே மாட்டேன் என்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்ததில் நகக்கண் எரிகிறதே தவிர, வாடை அப்படியே இருக்கிறது. உங்கள் கையிலும் எப்போதும் இதே வாடைதான். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் நீங்கள் குனிந்து என் ஊசியைத் திருத்தும்போது பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். நீங்கள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

அரங்குக்குள், நெல் அடுக்கும் உள்ளறையில், மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். சிம்னி விளக்கைத் தள்ளி வைத்திருக்கிறேன். இந்தக் கையோடு அதன் பக்கத்தில் போகப் பயமாக இருக்கிறது. அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். அவருடைய குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் எழுதுவதை நிறுத்துகிறேன். காலையில் பாவூர்சத்திரத்திலிருந்து பழைய இரும்புக்காரர் வருகிறார், உங்கள் காரை உடைத்து எடுத்துப் போக.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இதைக் கேட்டுச் சிரிக்கத் தெரிந்த ஆள் இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்தக் கார் நம் தெருவுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? செங்கோட்டைக்கு மேலே மலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது கொட்டகையில் போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கார். உள்ளே கோழி அடைந்துகொண்டிருந்தது. மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருவுக்குள் வந்தீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன தையல் டீச்சர் காருக்குள் உட்கார்ந்து வருவதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. யாரோ ஓடிப்போய் முன்பக்கத்து மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"ஏலே, எஞ்சினை எவனோ களவாண்டுட்டுப் போயிட்டாம்லே. டீச்சருக்கு வெறும் டப்பாவைத் தலையில கட்டியிருக்கான்."

அப்பா கடையிலிருந்து ஓடி வந்தார். அந்த வெற்று மூடிக்குள் எட்டிப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். "ஏட்டி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? எஞ்சின் இல்லாத காரை எவளாவது வாங்கிட்டு வருவாளா?"

நீங்கள் பின்னால் போய் மூடியைத் திறந்தீர்கள். எஞ்சின் அங்கே இருந்தது.

"இந்தா இருக்குல்லா. முதுகுப் பக்கமும் ஒரு தடவை பாக்கணும் அண்ணன்."

தெரு சிரித்தது. அப்பா கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் அந்த வண்டியைத் தொடவில்லை. பெண்பிள்ளை ஓட்டுகிற வண்டியில் ஏறினால் கடையில் எவன் மதிப்பான் என்று அம்மாவிடம் சொன்னாராம். கடையில் அவரை யார் மதித்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

நீங்களும் நானுமாக அந்த எஞ்சினைக் கழற்றி வெளியே இறக்கினோம். சிலிண்டர்களைச் சுற்றிச் செதில் செதிலாகத் தகடுகள். தகடுகளுக்கு நடுவே கோழி இறகும் மண்ணும் எண்ணெயும் கெட்டியாக அப்பிக் கிடந்தன. "மீன் அலசுத மாதிரி அலசுட்டி" என்று சொல்லி மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் தந்தீர்கள். காற்று போக வர அந்த இடுக்குகள்தான் வழி, அவை அடைபட்டால் எஞ்சின் வெந்துவிடும் என்று சொன்னீர்கள். இந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் வேண்டாம், ஓடுகிற ஓட்டத்திலும் விசிறிக் காற்றிலும் தானே ஆறிக்கொள்ளும் என்று அப்போதுதான் தெரிந்தது. வேறு யாருக்கும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. வேறு யாரும் தெரிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை. கேலி பண்ணுவதற்குத்தான் கேட்டார்கள்.

இருக்கையின் ரெக்சின் நார்நாராகக் கிழிந்திருந்தது. பழையபடியே தைக்க மாட்டேன், வெயிலில் முதுகு ஒட்டும் என்று, பத்தமடைக் கோரைப் பாய் வாங்கி அளவெடுத்து வெட்டி, ஓரத்துக்குச் சிவப்புப் பட்டி வைத்துத் தைத்தீர்கள். கலருக்கு மட்டும் நாம் சண்டை போட்டோம். நான் நீலம் என்றேன். நீங்கள் பழுத்த பாக்கின் நிறம்தான் என்றீர்கள். அடித்து முடித்த பிறகு மழையில் நனைந்து நிற்கும்போது பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

அப்போதுதான் ஆட்களையும் வண்டிகளைப் போல வகை பிரிக்க ஆரம்பித்தீர்கள். ஒரு நாள் அப்பா வாசலில் நின்று, கடை வாடிக்கைக்காரர் ஒருவர் தன்னை 'முதலாளி' என்று கூப்பிட்டதை அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் காருக்கு அடியில் படுத்தபடியே என்னிடம் சொன்னீர்கள்: "ஒங்கப்பன் தண்ணி வண்டிட்டி. எவனாவது அப்பப்ப ஒரு குடம் புகழ்ச்சி ஊத்தணும். இல்லேன்னா நடுரோட்டுல கொதிச்சுப்போயி நிப்பான்."

அன்றிலிருந்து எனக்கும் அது பழகிவிட்டது. தலைமையாசிரியை, தண்ணீர் வண்டி. அம்மா, எல்லாருக்கும் ஊற்றுகிற குடம். "நான் என்ன வண்டி அத்தை?" என்று கேட்டேன். "இன்னும் ஓடிப் பாக்கலையே" என்றீர்கள்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போவோம். ஐந்தருவிப் பக்கம் கார்கள் எல்லாம் முன்மூடியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்கும். டிரைவர்கள் வாளியோடு ஓடுவார்கள். நம் வண்டியைப் பார்த்து ஒருவர் தவறாமல் கேட்பார்: "டீச்சரம்மா, ஒங்க வண்டிக்குத் தண்ணி எங்கன ஊத்துவிய?" நீங்கள் முன்மூடிக்குக் கீழே இருக்கிற சின்னத் திருகுமூடியைக் காட்டுவீர்கள். "அங்கனதாம் அது குடிக்கும். காலையிலேயே வயிறு ரொம்பக் குடிச்சிட்டு." அது பெட்ரோல் டேங்க் என்று எனக்கு மட்டும் தெரியும். நீங்கள் பொய் சொல்லவில்லை. அது அங்கேதான் குடிக்கும். ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றி அப்பா காதுக்கும் போயிருக்கிறது.

பிறகு மஞ்சள்காமாலை வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம் அப்பா காருக்குள் ஏறி உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தார், ஓட்டத் தெரியாதே. தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். "என் தங்கச்சி கைவேலை. நாந்தாம் ஊக்கம் குடுத்துச் செய்யச் சொன்னேன்." கோட்டிக்காரி என்று உங்களைச் சொன்னவர்கள் எல்லாம் பாயைத் தடவிப் பார்த்து, "தெய்வப் பிறவில்லா" என்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பா அவ்வளவையும் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் மரக்கடை அண்ணாச்சி வந்தார். பெரிய டிப்போ, லாரி, கழுத்தில் சங்கிலி. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன். அண்ணாச்சிக்கு வண்டி பிடித்துவிட்டது. அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அடுப்படியிலிருந்து நான் கேட்டேன்.

"பொண்ணு பள்ளிக்கூடம் போகுதோ?"

"நிப்பாட்டிரலாம் அண்ணாச்சி."

"வண்டி மேடு ஏறுமாவே?"

என்னைப் பற்றி ஒரே கேள்வி. மிச்சமெல்லாம் வண்டியைப் பற்றி. காரோடு சேர்த்து என்னை அனுப்புகிறார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. கார் போகிற வழியில் நானும் உட்கார்ந்து போக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று அண்ணாச்சி வந்தார். அவரே ஓட்டினார். அப்பா அவர் பக்கத்தில், நானும் அம்மாவும் பின்னால். ஐந்தருவியில் இரண்டு பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார்கள். நல்ல சாரல். அண்ணாச்சி மூக்குப்பொடியை எடுத்து நீட்டினார். அப்பாவும் போட்டுக்கொண்டார்.

"வே, வண்டிக்குத் தண்ணி பாத்தீரா? மேடு ஏறி வந்திருக்கு, கொதிக்கும்லா?"

"இந்தா, ஊத்திருதேன் அண்ணாச்சி."

"எங்கன ஊத்தணும்னு தெரியுமா?"

"எங்க வீட்டு வண்டி. எனக்குத் தெரியாதா?"

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, இவ அத்தைகூடவே கிடந்தவ. இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"பொட்டப்பிள்ளைகிட்டக் கேட்டுத்தாம் காருக்குத் தண்ணி ஊத்தணுமோ? சும்மா கிட."

சும்மா கிடந்தேன், அத்தை. அப்பா முன்மூடியைத் தூக்கினார். நீங்கள் டிரைவர்களுக்குக் காட்டுகிற அந்தத் திருகுமூடியைத் திறந்தார். அண்ணாச்சி அதை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டார். "என்னமோ வாடை அடிக்கே" என்றார், மூக்கைத் தேய்த்துக்கொண்டே. "சூட்டு வாடை அண்ணாச்சி" என்றார் அப்பா. செப்புக் குடம் நிறைய அருவித் தண்ணீரை நிதானமாக, ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் ஊற்றினார். அவ்வளவு கவனமாக அவர் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான் பாயின் சிவப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அழுதுவிடுவேன் என்றும்தான்.

குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டி இறக்கம் வரைக்கும் வந்தது. வயலோரத்தில் இருமியது. நின்றது. பிறகு அசையவே இல்லை. இரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள். அண்ணாச்சியின் கால் வழுக்கி, பட்டுக்கரை வேட்டியோடு நாற்றங்காலுக்குள் உட்கார்ந்தார். குளித்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "அருவியில போடாத முழுக்கை இங்கன போட்டுட்டாருலே" என்றது ஒரு குரல்.

அண்ணாச்சி எழுந்து சேற்றை வழித்தார். "வண்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்வே. ராசி கெட்ட சவம்."

அந்த 'ஒரு மண்ணு' நான்தான். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது.

ஆனால் அதோடு முடியவில்லை. இன்றைக்கு மத்தியானம் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போய் அவரைக் குளிர வைக்கப் பார்த்திருக்கிறார். வண்டி ஓடினால் மேற்கொண்டு பேசலாம் என்றாராம் அவர். ஆனால் வண்டி ஓடாது என்று அப்பா நேற்றே முடிவு கட்டி, இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். செத்தவள் வண்டி, அவளே உள்ளே உட்கார்ந்துகொண்டு மறிக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். நீங்கள் பேயாக வந்தால்கூட இவருக்கு இடைஞ்சல் பண்ணத்தான் வருவீர்கள் என்று நினைக்கிற அளவுக்குத் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் நாளைக்கு இரும்புக்காரர்.

அவர்கள் டிப்போவுக்குப் போயிருந்த நேரத்தில், வண்டியை மாடு கட்டி இழுத்து வந்து போட்டிருந்த நம் கொட்டகைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. வண்டி அப்படியே கிடந்தால் காலையில் இரும்புக்காரர் கொண்டுபோவார், நானும் தப்பித்தேன். வண்டி ஓடினால் அப்பா அதை உடனே டிப்போவுக்கு அனுப்புவார், பின்னாலேயே என்னையும். எல்லாம் தெரிந்துதான் போனேன். அதன் வயிற்றில் தண்ணீர் கிடக்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

டேங்குக்குக் கீழே குழாயைக் கழற்றி எனாமல் பேசினில் வடித்தேன். முதலில் தண்ணீர்தான் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பிறகு வாடை மாறிற்று, கையில் குளிர்ச்சி மாறிற்று. கார்புரேட்டரையும் நீங்கள் செய்வதுபோலக் கழற்றித் துடைத்தேன். பக்கத்தில் கேனில் நீங்கள் வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினேன். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை, சத்தம் கேட்கும். ஆனால் ஓடும் என்று தெரியும்.

காலையில் இரும்புக்காரர் வரும்போது தெரு கூடும். சம்மட்டியைப் பார்த்தால் கூடத்தானே செய்யும். அப்போது நான் போய் முன்மூடியைத் தூக்கப் போகிறேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லப் போகிறேன்: "இதுதான் பெட்ரோல் டேங்க். எங்க அப்பா இதுலதான் ஒரு குடம் அருவித் தண்ணி ஊத்தினாங்க. மரக்கடை அண்ணாச்சிதான் மூடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க." பிறகு உள்ளே உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணுவேன். ஓடுகிற வண்டியை இரும்புக்காரர் உடைக்க மாட்டார். ஊரே அந்தக் குடத்தைச் சொல்லிச் சிரிக்கிறபோது அண்ணாச்சி இந்தத் தெருவுக்குள் கால் வைக்கவும் மாட்டார். அவரும் தண்ணீர் வண்டிதானே.

அப்பா அடிப்பார். அருவியில் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டு அடிப்பார். பள்ளிக்கூடத்தை நிறுத்தினாலும் நிறுத்துவார். அழுதுகொண்டு காலில் விழுந்தால் ஆறிவிடுவார் என்று எனக்குத் தெரியும். விழ மாட்டேன். இனி என்னிடமிருந்து அவருக்கு ஒரு குடமும் கிடையாது.

குறட்டை நின்றிருக்கிறது. கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். இப்போது திரும்பவும் கேட்கிறது.

கை நடுங்குகிறது, அத்தை. எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். முதல்முதலாக அந்த எஞ்சின் உயிர் பிடித்தபோது வண்டி முழுக்க உதறியது. கண்ணாடி, கதவு, உங்கள் கைவளையல் எல்லாம். ஏதோ உடைந்துவிட்டது என்று நான் பயந்து வெளியே குதித்தேன். நீங்கள் உள்ளேயிருந்து சொன்னீர்கள்: "நிக்கும்போது அப்படித்தாம்ட்டி ஆடும். கியரைப் போட்டு நகந்துட்டா ஆடாது. ஏறு."