அவசரத்துக்கு ஒரு பெயர்

மார்ச் 8, ஞாயிறு

செங்காங்கில் அறை கிடைத்துவிட்டது. வீட்டுக்காரம்மா தமிழர். அறையைக் காட்டிய கையோடு ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார். கடைசி வரியில், அவசரத்துக்கு அழைக்கச் சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருடைய பெயரைக் கேட்டிருந்தார்கள்.

நான் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. கைப்பேசியில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பழைய வீட்டு ஏஜென்ட், தையல்கார அக்கா, ஆபீஸில் கூட வேலை பார்க்கும் மூன்று பேர். ஆஸ்பத்திரிக்கு ஓடி வா என்று இவர்களில் யாரிடம் சொல்வது?

"ஊர்ல இருக்கிற அம்மா பேரு போடலாமா ஆன்ட்டி?"

"லோக்கல் நம்பர்தான் வேணும்லா."

நான் மறுபடியும் கைப்பேசியை எடுத்துப் பெயர்களைத் தள்ளினேன். அவர் என்னையே பார்த்தார்.

"என் பேரையே போட்டுக்கம்மா."

பெயர் என்னவென்று கேட்டு எழுதினேன். அவரைப் பார்த்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.