மூன்று விரலால் முடுக்கிய நட்டுகள்

என் மச்சான் ராமலிங்கம்,

நீ போன வருஷம் எதுவென்று கேட்டால் எண்ணைச் சொல்ல எனக்கு வராது. சுரங்கத்துக்கு எடுத்த நிலத்துக்காக வளையமாதேவி சனங்கள் நெல் நின்ற வயலில் இறங்கி நின்ற வருஷம். உன் மகள் தமிழ்ச்செல்விக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து, பின்பக்கத்து மாமரம் கிளை ஒடியக் காய்த்த வருஷம். ஆடி பிறந்து ஒன்பதாம் நாள், காலை ஷிப்டு ஆட்கள் போய்த் தெரு ஓய்ந்த நேரத்தில் நீ போனாய்.

வருகிற ஆடியோடு உனக்கு வருஷம் திரும்புகிறது. நம்மோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி என்னை எழுதித் தரச் சொன்னார்கள். நான் சொல்லச் சொல்ல உன் பெண்சாதி விருத்தாம்பாள் எழுதுகிறது. முதியோர் கல்வி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட எழுத்து. என் கொச்சைப் பேச்சைத் தங்கச்சி ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

வேறு யாரை வைத்தும் எழுதியிருக்கலாம். ஆனால் தங்கச்சி கையாலேயே எழுத வேண்டிய சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. முப்பத்தோரு வருஷமாக நான் சொல்லாத சங்கதி.

“என்னாண்ணே அது?” என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்கிறது.

“எழுதிகினு வாம்மா, சொல்றேன்” என்கிறேன். முதலில் கோழிக்கூண்டு.

கீரி வந்து பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூன்று கோழிகளைக் கொண்டுபோன பிறகு தமிழ்ச்செல்வி செல்போனிலேயே ஒரு கூண்டு வாங்கினாளே. தட்டையான அட்டைப்பெட்டியில் சட்டம் தனி, வலை தனி, தகரம் தனியாக வந்து இறங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் போன் போட்டாய். “வா மச்சான், ரெண்டு பேருமா பூட்டிடலாம். எனக்கு நட்டு புடிக்க மாட்டேங்குது” என்றாய். முட்டி வலி என்று சொன்னேன். முட்டி நன்றாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் நீ இல்லை. கூண்டு மூன்று பக்கத்தோடு மாமரத்தடியில் நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்று தங்கச்சி என்னிடம் வந்தது. “அண்ணே, அது பாதியில கெடக்குது. நீங்க முடிச்சிக் குடுங்க.”

மறுநாள் ஸ்பேனரோடு போய் உட்கார்ந்தேன். நீ மாட்டியிருந்த நட்டுகள் எல்லாம் கோணலாக, பாதி மரையிலேயே நின்றுபோயிருந்தன. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாதவன், மிச்ச மூன்று விரலால் எவ்வளவுதான் முடுக்குவான்? ஒவ்வொன்றாகக் கழற்றி நேராக்கி மறுபடி பூட்டினேன். தங்கச்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னது: “அவரு மாதிரி அவசரக்குடுக்கையா இல்லாம நீங்க பொறுமையா பூட்டறீங்கண்ணே.” டீயைத் தொடாமல் அடுத்த நட்டைக் கையில் எடுத்தேன்.

பூட்டுகிற விதம் எழுதி, பெட்டியோடு வந்த காகிதத்தை விரித்துப் பார்த்தேன். மடித்து வைத்தேன். பிறகுதான் சட்டங்களின் ஓரம் கண்ணில் பட்டது. அரத்தால் ராவிய கோடுகள். ஒரு கோடு போட்ட முனையோடு ஒரு கோடு போட்ட முனை சேர வேண்டும், இரண்டோடு இரண்டு, ஐந்து வரைக்கும். மைன்ஸில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டின் உருளைகளில் எனக்காக நீ போட்டுத் தருவாயே, அதே கோடு. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அங்கே உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கோடு எதற்கு மச்சான்? எனக்குப் போன் போடுவதற்கு முன்னால் ராவினாயா, முட்டி வலி என்று சொன்ன பிறகு ராவினாயா? ஒரு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூண்டு நின்றுவிட்டது, ஆனால் வேலை நிற்கவில்லை. வந்த வலையின் கண்ணில் கீரித் தலை நுழையும். அதன்மேல் சின்னக் கண் வலை அடித்து, அடியில் ஒரு முழம் மண்ணுக்குள் மடக்கிப் புதைத்தேன். உட்காரக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் குழாயில் கோழிகள் வழுக்கி விழுந்தன. வேப்பங்கிளை வெட்டிக் கட்டினேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கால்களைச் செங்கல்மேல் ஏற்றினேன்.

அக்கினி நட்சத்திரத்தில் தகரம் காய்ந்தது. நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே? பழைய பெல்ட்டு ரப்பரைக் கொண்டுவந்து கூரைமேல் விரித்துக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினேன். அது தகரத்தைவிடக் காய்ந்து, வாடை தாங்காமல் ஒரு கோழியும் உள்ளே போகவில்லை. அத்தனையும் மாமரத்தில் ஏறிக்கொண்டன.

“என்னாண்ணே, கோழிங்கள மைன்ஸுக்கு ஏத்தி அனுப்பப் போறீங்களா?” என்று தங்கச்சி சிரித்தது. நீ போன பிறகு அன்றைக்குத்தான் அது சிரித்துப் பார்த்தேன். ரப்பரை எடுத்துவிட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தேன். கதவுக்கு வந்த கொக்கியைப் பூனை தட்டினாலே திறக்கும். அதையும் மாற்றி இரும்புத் தாழ்ப்பாள் வைத்தேன். இப்போது நாலு பெட்டை, ஒரு சேவல். ஒன்று அடையில் இருக்கிறது.

இனி அந்தச் சங்கதி. தங்கச்சி, நிறுத்தாமல் எழுது.

அன்றைக்கு இரண்டாம் ஷிப்டு. பெல்ட்டின் கடைசி உருளையில் ஈரக் கரி அப்பியிருந்தது. சுரண்டுவதற்கு நீ கீழே குனிந்தாய். சுவிட்சில் தொங்குவதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். அதற்கு முன்னெல்லாம் ஓட்டக் கூடாது என்பதற்குச் சிவப்புத் துணி கட்டுவோம். அந்த வாரம்தான் எழுதிய பலகை வந்திருந்தது. ஆள் வேலை செய்கிறார் என்று ஒன்று, ஓட்டலாம் என்று ஒன்று.

“பலக தொங்குதா மச்சான்?” என்று கேட்டாய். “தொங்குது, கைய வையி” என்றேன். தொங்கியது ஓட்டலாம் என்ற பலகை.

விசாரணையில் நீ சொன்னாய்: “நான்தான் அவசரப்பட்டுக் கைய வெச்சிட்டேன்.” நான் பக்கத்தில் நின்றேன். படிக்கத் தெரியும் என்று சொல்லிப் பர்மனென்ட் ஆனவன், வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று நின்றேன். அதற்குப் பிறகு உனக்குப் பிரமோஷன் இல்லை. வீட்டில் அவசரக்குடுக்கை என்கிற பேர் ஒன்றுதான். நீ அவசரக்காரன் இல்லை மச்சான். நான் சொன்னதை நம்பிக் கை வைத்தவன்.

இந்த இடத்தில் தங்கச்சி பேனாவை வைத்துவிட்டது. எழுந்து பின்பக்கம் போனது. கூண்டின் தாழ்ப்பாள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் வரவில்லை. வந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் பேசியது. அதையும் எழுதுவேன் என்கிறது.

“அந்த மனுசன அவசரக்குடுக்கைன்னு திட்டிகினேதான் தெனம் சோறு போட்டேன். நீங்களும் பக்கத்துல ஒக்காந்து துன்னுகினு இருந்தீங்க. ஒரு நாளாவது வாயத் தொறந்தீங்களா?”



“அவரும் ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாரே” என்றது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டது. “அச்சுல வரட்டும். ஒரு எழுத்து விடாம வரட்டும்.”

என்னை மன்னித்ததா என்று கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. பொழுது சாயப் போகிறது, கோழிகளை அடைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். “அடைங்க” என்றது.

உயிர் இருக்கிற வரைக்கும் தினம் பொழுது சாய வந்து உன் கோழிகளை நான் அடைப்பேன், மச்சான். தாழ்ப்பாளைக் கையால் தொட்டு, இழுத்துப் பார்த்த பிறகுதான் தாழ் விழுந்தது என்று தங்கச்சியிடம் சொல்வேன்.

அன்றைக்கு அந்த பெல்ட்டில் நின்றவர்கள் ஐந்து பேர். தங்கராசு போனான். சின்னப்பன் போனான். திருவதிகைக் கோவிந்தன் அண்ணன் போனார். நீயும் போனாய். சம்பளப் புத்தகத்தில் போடுவதற்காக நீ எனக்கு ஒரே ஒரு கையெழுத்தை வரைந்து பழக்கினாயே, அது இன்னும் கையில் இருக்கிறது. “பேர நான் எழுத மாட்டேன். நீங்களே போடுங்க” என்று தங்கச்சி பேனாவை என் பக்கம் தள்ளுகிறது.

ஐந்து பேரில் உயிரோடு மிச்சமிருக்கும் உன் மச்சான்,
கலியபெருமாள்