வேனுக்கு எவ்வளவு பேட்டரி

மார்ச் 9, ஞாயிறு

கூலாயிலிருந்து திரும்பினோம். வேனின் பேட்டரி செத்துவிட்டது. நேற்று சாப்பிட்டு முடிப்பதற்குள் விசிறி நின்றது, பிறகு விளக்கு. இருட்டில் என் கணவர் மருதப்பன், "இன்னிக்கு வெயில் சரியா அடிக்கல" என்றார். பகல் முழுக்க அடித்த வெயிலில் என் மூக்குத் தோல் உரிந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. திருமணமாகி முப்பத்திரண்டு வருடம்.

வேன் என் பெயரில். நான் இன்னும் மலேசியக் குடிமகள் என்பதால் ஜொகூர் பதிவு எண். நாங்கள் சிங்கப்பூரில் வசிப்பதால் இங்கே கொண்டுவர முடியாது. கூலாயில் என் தம்பி அங்கமுத்துவின் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், கூரையில் ஒரு சோலார் பேனல். மாதம் ஒரு தடவை அதை எங்காவது ஓட்டிப் போய் ஓர் இரவு தூங்கிவிட்டு வருகிறோம். எனக்கு அது போதும்.

அவருக்குப் போதாது. இந்தத் தீவில் பேருந்து ஓட்டியே ஓய்வுபெற்றவர். "எந்த ரூட்டா இருந்தாலும் ஒரு மணி நேரத்துல இன்டர்சேஞ்ச் வந்துடும், பஸ்ஸத் திருப்பணும்" என்பார். புகார் போலவும் இருக்கும், பெருமை போலவும் இருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

புதுப் பேட்டரி எவ்வளவு பெரியது வேண்டும் என்பதில் தகராறு. பழையது நூறு ஆம்பியர்-மணி, ஈயப் பேட்டரி. அதிலும் பாதிதான் எடுக்கலாம். மீதியைத் தொட்டால் கெட்டுப்போகும். நாங்கள் தொட்டிருக்கிறோம்.

நான்: அதே அளவு போதும்.

அவர்: நானூறு. லித்தியம். பெரிய இன்வெர்ட்டர். கூரை முழுக்க பேனல்.

"எதுக்கு?"

"ஏர்கான்."

இந்த வீட்டில் ஏர்கானை இருபத்தேழுக்குக் கீழே இறக்கினால் சளி பிடிக்கும் என்று ரிமோட்டை ஒளித்துவைப்பவர்.

மார்ச் 13, வியாழன்

மகள் ரக்ஷனா கிளமெண்டியிலிருந்து போன் செய்தாள். அப்பாவின் ஏர்கான் கதையைச் சொன்னேன். "மா, ஜஸ்ட் லெட் ஹிம் லா. ரிட்டயர் ஆகி போர் அடிக்குது அவருக்கு." அப்பாக்களுக்குப் போர் அடித்தால் மகள்களுக்குப் பாவமாக இருக்கும். அம்மாக்களுக்குப் போர் அடித்தால் யோகா வகுப்பு.

மார்ச் 15, சனி

அங்கமுத்து வேன் கூரையை அளந்து சொன்னான். நடுவில் காற்றுப்போக்கி இருப்பதால் பேனல் இரண்டுதான் வைக்கலாம். இவர் யோசித்துவிட்டு, காற்றுப்போக்கியை எடுத்துவிடலாம் என்றார். காற்று வரும் ஓட்டையை அடைத்துவிட்டு, அந்த இடத்தில் வரும் மின்சாரத்தைக் கொண்டு ஏர்கான் ஓட்டுவதாம்.

அடுத்த சனிக்கிழமை ஜாலான் புசாரில் ஒரு கடைக்குப் போகிறோம். பேட்டரி, சோலார் எல்லாம் போட்டுத் தருவார்களாம். மூன்றாவது ஆள் ஒருவர் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் ஆகியும் இப்படி நினைக்கிறேன்.

மார்ச் 22, சனி

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கடைக்காரர் முகமது இஸ்மாயில். நாற்பது வயது இருக்கும். நோன்பு. எங்களுக்கு மட்டும் தேநீர் வரவழைத்தார். வேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டது. நான் நூறு என்றேன், இவர் நானூறு என்றார். அவர் இரண்டையும் விட்டுவிட்டுக் கேட்டார்: "அண்ணே, ராத்திரி என்னென்ன ஓடும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

"ஃப்ரிட்ஜ். ஃபேன். அப்புறம் இன்னொன்னு. ராத்திரி பூரா ஓடும், ஒம்பது மணி நேரம். தெனமும். நடுவுல கட் ஆகக் கூடாது."

"ஏர்கானா?"

"அப்படி வச்சுக்குங்க."

"ஏர்கான் கட் ஆனா வேர்க்கும். அவ்ளோதானே அண்ணே?"

இவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார். இஸ்மாயில் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மெடிக்கலா, அண்ணே?" என்றார்.

இவர் சுவரில் தொங்கிய வயர் சுருள்களைப் பார்த்து, "ஆமா" என்றார். சுருளிடம்தான் சொன்னார்.

இஸ்மாயில் எழுந்து, யாரும் கேட்காத ஒரு கேட்டலாக்கை எடுத்துவர உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. நல்ல மனிதர்.

லிட்டில் இந்தியா வரைக்கும் நடந்தோம். தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்தோம். அவர் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் வாங்கினார்.

"என்ன மெடிக்கல்?"

"கிட்னி."

"யாருக்கு?"

அப்படித்தான் கேட்டேன். யாருக்கு என்று. வேறு யார் பெயரையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போல.

நீரிழிவு வந்து பதினைந்து வருடம். சிறுநீரகம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இந்த வருடத்துக்குள் டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று ஜனவரியில் சொல்லியிருக்கிறார்கள். 'சுகர் செக்-அப்' என்று தனியாகப் போய்வந்தது அதற்குத்தான். இரண்டு வழி சொன்னார்களாம். ஒன்று, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்ப் படுப்பது. இன்னொன்று, வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிட்டால், இரவு தூங்கும்போது ஓர் இயந்திரம் மருந்துநீரை உள்ளே விட்டு வெளியே எடுக்கும், பகல் நம்முடையது. டாக்டர் அரை மணி நேரம் விளக்கியிருக்கிறார். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: வேனில் முடியுமா?

கரண்ட் இருந்தால் முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேன வித்துடுவ."

விற்றிருப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

சாம்பாரில் உப்பே போடவில்லை. "நல்லா இருக்கு" என்றார். இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

எத்தனை நாள் பக்கத்துல படுத்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? கடைக்காரர்ட்ட சொல்லத் தெரியுது. வயர்ட்ட சொல்லத் தெரியுது. வாழைப்பழம், இளநீர் ரெண்டும் கிட்னிக்கு ஆகாதாம்; அத வேணாம்னு தள்ளினப்பவாவது நான் கேட்டிருக்கணும்ல — அப்பாடா, மிச்சம்னு நானே ரெண்டு வாங்கிக் குடிச்சேன்.

ரக்ஷனாவுக்குச் சொல்லிவிட்டோம். சாயங்காலமே வந்தாள். அப்பாவைத் திட்டினாள், அழுதாள், பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து இன்வெர்ட்டர் விமர்சன வீடியோ பார்த்தார்கள். நான் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே இன்னொரு தடவை கழுவினேன்.

ஏப்ரல் 2, புதன்

இஸ்மாயிலுக்கு நானே போன் செய்தேன். பெருநாள் விருந்தில் இருந்தார், பின்னால் குழந்தைகள் சத்தம். அறுநூறு போட முடியுமா என்று கேட்டேன்.

"அறுநூறா! அக்கா, அன்னிக்கு நூறு போதும்னீங்க."

"அன்னிக்கு எனக்குத் தெரியாது."

குழந்தைகள் சத்தம் தூரமானது. பிறகு, "போடலாம் அக்கா. ஆனா அவ்ளோ பெரிய பேட்டரி வச்சா நீங்க எங்க உக்காருவீங்க? ரெண்டு பேனல் அத நிரப்பாது. பெரிய தொட்டி, சின்னக் குழாய். மொதல்ல ஆஸ்பத்திரில கேளுங்க, கரண்ட் போனா என்ன ஆகும்னு. அதத் தெரிஞ்சுக்கிட்டு அளவு பாப்போம்" என்றார்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்கவே பயமாக இருந்ததால்தான் அறுநூறு கேட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மருத்துவமனை. நஸீஹா என்ற தாதி எங்களுக்குப் பொறுப்பு. வயது ரக்ஷனாவுக்கு இருக்கும். உட்கார்ந்ததும் கேட்டேன்: இயந்திரம் ஓடும்போது மின்சாரம் நின்றால்?

"மெஷின் கத்தும்" என்றாள். "நீங்க குழாய மூடிடுவீங்க. அப்புறம் கையாலயே பண்ணலாம் ஆன்ட்டி."

ஒரு கொக்கியில் மருந்துநீர்ப் பையை மாட்டினால் தானே உள்ளே இறங்கும். பழையதைக் கீழே வைத்த பையில் வடித்துவிடலாம். அதற்கு மின்சாரமே வேண்டாம். பயணம் போகும்போது நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். பகலில் நான்கு தடவை.

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு மாதமாக ஆம்பியர், வாட் என்று சண்டை போட்ட இரண்டு பேர்.

"அப்ப பேட்டரியே வேணாமா?" என்றார் இவர். கிட்டத்தட்ட ஏமாற்றம்.

வேண்டாம் அங்கிள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, ஜன்னலை மூடி, கை கழுவி, முகக்கவசம் போட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்றாள்.

இவர் நினைத்துப் பார்த்தார். "அது பஸ் ரூட்டும்மா" என்றார். "அத நான் ஓட்டிட்டேன்."

ஏப்ரல் 12, சனி

இன்று நான் கணக்குப் போட்டேன். கோபத்தில் போட்டதல்ல இது.

அந்த இயந்திரம் மருந்துநீரைச் சூடாக்குவதற்குத்தான் நிறைய எடுக்கிறது. ஓர் இரவுக்கு அது கேட்பது, எங்கள் பழைய பேட்டரி நல்ல காலத்தில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. கூட ஃப்ரிட்ஜ், விசிறி. முந்நூறு லித்தியம் போட்டால், வெயிலே இல்லாமல் இரண்டு இரவு தாங்கும். மூன்றாவது நாளும் மழை என்றால்? கையால் செய்துகொள்ளலாம். வண்டி ஓடினால் எஞ்சினிலிருந்தும் கொஞ்சம் ஏறும். உலகம் முடியும் நாளுக்கென்று பேட்டரி வாங்க வேண்டாம்.

இன்னொன்று, எடை. ஓர் இரவுக்கு ஒரு பெட்டி மருந்துநீர். தூக்கினால் இடுப்பு பேசும். பேட்டரியில் மிச்சமாகும் எடை எல்லாம் பெட்டிகளுக்கு.

ஏர்கான் இல்லை. அது பொய்யாகவே தொடங்கியது, அதைப் பொய்யாகவே விட்டுவிடலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

"ரெண்டு ராத்திரியா மூணு ராத்திரியா?" என்று கேட்டார் கடைசியில். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு என்றேன். இதற்குக் கை பிடிக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

குழாய் வைத்தார்கள். முக்கால் மணி நேரம் என்றார்கள், அதற்கு மேல் ஆனது. வெளியே எல்லாம் மஞ்சள் நாற்காலிகள். வேறு ஒன்றும் நினைவில்லை.

மே 20, செவ்வாய்

வீட்டில் இப்போது சோபா தெரியவில்லை; பெட்டிகள். முதல் சில இரவு இயந்திரம் கத்திக்கொண்டே இருந்தது. அவர் திரும்பிப் படுத்தால் குழாய் மடங்கும், அது கத்தும், நான் எழுவேன். இப்போது அவர் நேராகப் படுக்கப் பழகிவிட்டார். நான் கத்தாதபோதும் எழுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இஸ்மாயில் கூலாய் வந்து எல்லாவற்றையும் மாட்டினார். மருத்துவக் கருவிக்குச் சுத்தமான மின்சாரம் தரும் இன்வெர்ட்டர்தான் போட வேண்டும் என்று அதில் மட்டும் பிடிவாதம் பிடித்தார். பழைய வயர்கள் மெல்லியவை என்று அவற்றையும் மாற்றினார். அங்கமுத்து ஆட்டுக்கறி சமைத்து அவரை மூன்று தடவை சாப்பிடவைத்தான்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று ஒத்திகை. தம்பி வீட்டுக்குப் பின்னாலேயே வேனில் படுத்து, இயந்திரத்தை வேன் மின்சாரத்தில் ஓட்டினோம். ஏதாவது ஆனால் வீட்டில் பிளக் இருக்கிறது. குழாய் மாட்டும்போது காற்று அடிக்கக் கூடாது என்பதால் விசிறியை நிறுத்தினோம். ஏப்ரலில் போட்ட கணக்கில் இந்தப் பத்து நிமிட மிச்சம் இல்லை.

காலையில் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். மீட்டரை இவருக்குக் காட்டினேன். இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அங்கமுத்துதான் கண் சிவக்க நின்றான். இரவெல்லாம் ஜன்னலில் நின்று வேனில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தானாம். நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தோம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி, மெர்சிங்

முதல் நிஜப் பயணம். புதன் கிளம்பினோம். நேற்றெல்லாம் மேகம், பேனல் பெயருக்குத்தான் வேலை செய்தது. இவர் கவலைப்படவில்லை. நானும் படவில்லை என்று சொன்னேன்.

காலையில் குழாயைக் கழற்றிவிட்டுக் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முகத்தில் வீக்கம் குறைந்திருக்கிறது. மீன்பிடிப் படகுகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம திரும்பணும்ல? பெட்டி அவ்ளோதானே இருக்கு" என்றார்.

நான் தேநீரை அவரிடம் கொடுத்தேன். போன மாதமே நஸீஹாவிடம் கேட்டிருந்தேன். முன்கூட்டியே சொன்னால் வேறு ஊருக்கும் பெட்டிகளை அனுப்புவார்களாம். இன்னும் வடக்கே, குவாந்தானில் ஒரு தங்கும் விடுதி முகவரியைக் கொடுத்திருந்தேன். நேற்று வந்து இறங்கிவிட்டன.

"குவாந்தான்ல இன்னும் பத்து நாளைக்கு இருக்கு" என்றேன்.

அவர் தேநீரை மணலில் வைத்துவிட்டு எழுந்து போய் வேனின் டயர்களைத் தட்டிப் பார்த்தார். நான்கையும். பிறகு ஓட்டுநர் பக்கம் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நான் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கிறேன்.