பழவங்காடியில் வாங்கிய கிராம்பு

தம்பானூர்,
திருவனந்தபுரம்.

அன்பு மகள் பிரிஸில்லாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நாங்கள் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க தினமும் முழங்காலில் நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் வைத்துப் போனில் பேசினால் பக்கத்துக் கட்டிலில் கிடந்து அப்பா எல்லாவற்றையும் கேட்கிறார், நான் லாட்ஜுக்கு வரும் நேரமோ உனக்கு வேலை நேரம், அதனால்தான் இந்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் தம்பி ரெஜி படம் எடுத்து அனுப்புவான்.

கிராம்பு மரத்து ஏணியிலிருந்து விழுந்தவருக்கு இடுப்பெலும்பு கூடி வருகிறது, தலைத் தையலும் பிரித்தாகிவிட்டது. நினைவு தெளிந்ததும் அந்த மனுஷன் என்னைத் தேடவில்லை, மொட்டு பறிச்சாச்சா என்றுதான் கேட்டார். கோபம் வந்தாலும், பறித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அவர் விழுந்ததைப் பார்த்த ஆட்கள் ஒருத்தரும் மறுபடி ஏணி ஏறவில்லை, மேஸ்திரி சுவாமிதாஸ் கெஞ்சியும் நடக்கவில்லை. நம் மாறாமலைத் தோட்டம் முழுக்க மொட்டெல்லாம் பூவாக விரிந்துவிட்டது, விரிந்த பிறகு அது கிராம்பாகாதே. இந்த வருஷம் நமக்கு ஒரு பிடிகூட இல்லை.

நம் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தனக்கே பட்டம் கொடுத்த மாதிரி சர்ச் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர். கல்யாண வீட்டு பிரியாணியில் வெளிக் கிராம்பு கிடந்தால் மோந்து பார்த்தே இலையோரம் ஒதுக்குவாரே. அப்படிப்பட்டவர் முந்தாநாள், ரெஜியிடம் வீட்டிலிருந்து புதுச் சரக்கில் ஒரு பிடி கொண்டுவரச் சொல் என்று ஒரே பிடிவாதம். நான் பழவங்காடியில் ஒரு கடையில், எந்த தேசத்துச் சரக்கோ, வாங்கிக் கர்ச்சீப்பில் முடிந்து, மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்ற பயத்தோடு நீட்டினேன். கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தார். நம்ம மலைச் சரக்குல்லா, வேற எங்க வரும் இந்த மணம் என்றார். தப்பித்தேன் என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வராந்தாவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தலையில் அடிபட்டால் சிலருக்கு மணம் தெரியாமல் போகும், உங்களுக்கு எப்படி என்று டாக்டர் கேட்டபோது, எல்லாம் நல்லா மணக்குது டாக்டரே என்று சாதித்தவர் இவர். அவருக்கு ஒன்றும் மணக்கவில்லை, மக்ளே. நான் அவரிடம் ஒன்றை மறைக்கிறேன், அவர் என்னிடம் ஒன்றை மறைக்கிறார். அங்கேயே நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். தனியாகக் கேட்டதற்கு, மணம் தெரிவது மெல்லத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

வருஷா வருஷம் போல உனக்குப் பார்சல் அனுப்பச் சொல்லி அந்தக் கிராம்பையே கட்டிக் கொடுத்திருக்கிறார், அனுப்புகிறேன். வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. லீவு கிடைக்கவில்லையே என்று மனசைப் போட்டு அலட்டாதே, ரெஜி கூடவே இருக்கிறான். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. பார்சல் கிடைத்ததா, மணம் எப்படி என்று அப்பா போனில் கேட்பார். அதைப் பிரிக்க வேண்டாம். உன் அடுக்களை டப்பாவில் போன வருஷத்து நம் கிராம்பு மிச்சம் இருக்கும், அதைத் திறந்து வைத்துக்கொண்டு, மணம் எப்படி இருக்கிறது என்று அவருக்கு நிதானமாகச் சொல்.

உன் அம்மா,
ராஜபாய்