கருப்பன் யாருடைய நாய்

14 ஜூலை 1970, செவ்வாய்

சைதாப்பேட்டையிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. பை நிறையக் கட்டுரை நோட்டுகள். தெருமுனையில் வழக்கம்போல் கருப்பன் எழுந்து வந்து, கேட் வரை கூடவே நடந்துவிட்டுத் திரும்பிப் போனது. எந்தப் பெண் தனியாக வந்தாலும் அதற்கு இதே வேலை.

19 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்து நழுவப் பார்த்தேன். போதகர் அசரியா ஐயா பிடித்துக்கொண்டார். டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் என்று ஒரு பெண் சம்பளமில்லாத ஊழியத்துக்கு வந்திருக்கிறாளாம். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு தோப்பில் வேலி போட்டு, தெரு நாய்களுக்குக் காப்பகம் வைக்கிறாளாம். "ஜெயசீலி டீச்சர், சனி ஞாயிறு மட்டும் கூட இருந்து பேசிக் குடுங்க. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருது."

சனி ஞாயிறு மட்டுமாம். எனக்கென்று இருப்பதே அதுதான். கல்யாணமாகாதவளுக்கு வேலையே இருக்காது என்று ஊரில் எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

25 ஜூலை, சனி

கிர்ஸ்டன் வேதாகமத்தை வைத்துத் தமிழ் படித்தவள். சொறி பிடித்த நாயின் முன்னால் குந்திக்கொண்டு, "அஞ்சாதே, நான் உனக்கு ஆகாரம் தருவேன்" என்கிறாள். உதவிக்கு இருக்கும் குப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். வெயிலில் அவள் மூக்குத் தோல் உரிந்திருக்கிறது. புழு வைத்த புண்ணைக் கூட முகம் சுளிக்காமல் கழுவுகிறாள். சுளித்தது நான்தான்.

1 ஆகஸ்ட், சனி

மத்தியானம் நாய் பிடிக்க எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள். கருப்பன் கிர்ஸ்டனைப் பார்த்து உறுமிவிட்டு மாட்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டது. குப்பன் கயிற்றோடு சுற்றிச் சுற்றி வந்தான். கொளுத்துகிற வெயில், எனக்குத் தலைவலி. "நீங்கள் கூப்பிட்டால் வரும்" என்றாள் கிர்ஸ்டன்.

கூப்பிட்டேன். சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், அவ்வளவுதான் என் யோசனை. வாலை ஆட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தது. கழுத்தில் சுருக்கு விழுந்தபோது குப்பனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தது.

படுத்தேன். தூக்கம் வரவில்லை.

4 ஆகஸ்ட், செவ்வாய்

தெருமுனை வெறிச்சென்று இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தேன்.

7 ஆகஸ்ட், வெள்ளி

எதிர்வீட்டுக் கங்கையம்மாள் மாடு கறந்துகொண்டே கேட்டாள்: "இன்னா டீச்சரம்மா, நம்ம கருப்பனை நீதான் புடிச்சிக் குடுத்தியாமே? ராவுல ரெண்டு தேங்காக் குலை களவு பூட்ச்சு. தெருவே பேஜாரா கீது." பையைக் கை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

நாய்களுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று கிர்ஸ்டன் இன்று ஆட்களை வரவழைத்தாள். நல்ல கூட்டம். ஒவ்வொரு தெருக்காரரும் அவரவர் நாயைக் கண்டுகொண்டார்கள். நாய்களும் அவர்களைக் கண்டுகொண்டு ஊளையிட்டன. இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன்.

"இது என் நாய்" என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அவரிடம்தான் கொடுப்பாளாம். ஒருவரும் சொல்லவில்லை. கருப்பனைக் காட்டி, யாருடையது என்று கேட்கச் சொன்னாள்.

"எங்க தெரு நாய்" என்றாள் கங்கையம்மாள்.

யார் வீட்டில் தூங்கும் என்று கேட்கச் சொன்னாள் கிர்ஸ்டன்.

"வூட்டுக்குள்ள எதுக்குத் தூங்கணும்? தெருவுல படுத்தாத்தானே தெருவுக்குக் காவலு?"

எல்லாருடையது என்றால் யாருடையதும் இல்லை, இதை அவர்களிடம் சொல்லுங்கள் என்றாள் கிர்ஸ்டன். நான் சொல்லவில்லை. கங்கையம்மாள் திட்டியதை இந்தப் பக்கமும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் என் வாய்தான் வலிக்கிறது.

எல்லாரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

15 ஆகஸ்ட், சனி

கருப்பன் சாப்பிடுவதில்லை. பால், ரொட்டி, முட்டை எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டாள். நான் மீன் குழம்புச் சோறு கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்தது. பிறகு வேலிப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலா எலும்பு தெரிகிறது.

23 ஆகஸ்ட், ஞாயிறு

கீழ்க்கட்டளையிலிருந்து பிடித்து வந்த செவலை நாய் செத்துவிட்டது. அதற்கும் ஒரு நோயும் இல்லை. கிர்ஸ்டன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்தது கருப்பன்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

இத்தனை நாள் பிறர் பேச்சையே சொல்லிவந்தேன். இன்று என் பேச்சைப் பேசினேன். உட்காரவும் இல்லை. கருப்பனுக்கு வீடு இருக்கிறது, கிர்ஸ்டன். காலையில் இட்லித் துண்டுக்கு ஒரு வாசல், மத்தியானம் கங்கையம்மாள் வீட்டுக் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு எலும்பு. ராத்திரி தெரு முழுக்க அதன் பொறுப்பு. நாம் அநாதையைக் காப்பாற்றவில்லை. வேலையில் இருந்தவனைக் கொண்டுவந்து அடைத்திருக்கிறோம். நான் கூப்பிட்டதால்தான் அது வந்தது, என்னை நம்பி வந்தது. இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. சீ, குப்பன் முன்னால்.

அவள் செவலையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, எங்கள் ஊரில் தெருவில் ஒரு நாய் நின்றால் யாரோ அதைக் கைவிட்டார்கள் என்றுதான் அர்த்தம் என்றாள். அவளும் அழுதாள்.

24 ஆகஸ்ட், திங்கள்

பள்ளியிலிருந்து நேரே தோப்புக்குப் போனேன். கிர்ஸ்டன் தன் கையாலேயே வேலிக்கதவைத் திறந்தாள். சில ஓடின, சில நொண்டின. போக இடமில்லாத கிழங்கள் மட்டும் படுத்திருந்தன. கருப்பன் என்னைத் தாண்டித்தான் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

25 ஆகஸ்ட், செவ்வாய்

தெருமுனையில் இருக்கிறது! கங்கையம்மாள் கஞ்சி ஊற்றினாளாம், சட்டியை நக்கிவிட்டதாம். என்னைக் கண்டதும் எழுந்து எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

12 செப்டம்பர், சனி

கிர்ஸ்டன் இப்போது மருந்துப் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருகிறாள். கங்கையம்மாள் கருப்பனின் வாயைப் பிடித்துக்கொள்ள, இவள் காதுப் புண்ணுக்கு மருந்து போட்டாள். "இந்தா, இது நம்ம பொண்ணுடா, இன்னாத்துக்குக் கடிக்கிறே?" என்று கருப்பனுக்கு அதட்டல் வேறு. கிர்ஸ்டனிடம் வால் ஆட்டுகிறது. என்னிடம் இல்லை.

9 அக்டோபர், வெள்ளி

இன்றும் எதிர்ப்பக்கம்தான். போகட்டும். எனக்கு வேண்டியதுதான்.

28 நவம்பர், சனி

கிர்ஸ்டன் ஊருக்குப் போய்விட்டாள். ஸ்டேஷனில் என்னைக் கட்டிக்கொண்டு, "சமாதானத்தோடே இரும்" என்றாள். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. மருந்துப் பெட்டி கங்கையம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நானும் அவளும் அதைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டும். என் சனி ஞாயிறு போயே போயிற்று.

மழை பிடித்துக்கொண்டது. தெருவிளக்கு எரியவில்லை. சேற்றில் கால் வைத்து வைத்து வந்தேன். தெருமுனை தாண்டியதும் பின்னால் காலடிச் சத்தம், கொஞ்சம் தள்ளி. நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவானோ என்று பயம். கூப்பிடவும் இல்லை. இனி ஒருநாளும் கூப்பிடமாட்டேன்.

கேட்டைத் தாழ் போட்டுவிட்டுத்தான் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டு, நான் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை கருப்பன் நின்றான். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.